கரையிலிருந்து ஸ்கூபா இறங்குகிறீர்களா? மிதவைக் கொடி பற்றி ஒரு முழு வழிகாட்டி

புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு குப்பத்துக் கரையில், அடியில் ஆள் இருப்பதைப் படகுகளுக்குக் காட்டும் மிதவைக் கொடியோடு நான் முதன்முதலாக இறங்கிய காலை நன்றாக நினைவிருக்கிறது. ஏழு மீட்டர் ஆழம், மணல் தரை, கலங்கலான தண்ணீர். இருபது நிமிடம் போயிருக்கும். கையில் இருந்த கயிறு வெடுக்கென்று மேலே இழுத்தது. தலைக்கு நேர் மேலே இன்ஜின் சத்தம். கயிற்றை விட்டுவிட்டு நானும் கூட வந்த நண்பரும் தரையோடு ஒட்டிக் கிடந்தோம். சத்தம் நின்ற பிறகு மெதுவாக மேலே வந்து பார்த்தால், ஒரு ஃபைபர் படகில் இரண்டு பேர் எங்கள் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். தண்ணீரிலிருந்து தலை தூக்கிய எங்களைப் பார்த்து அவர்கள்தான் அதிகம் பயந்துபோனார்கள்.

"யாரோ வலை அறுந்து வந்துடுச்சின்னு நெனச்சோம் தம்பி. கொடி தானா நகந்துகிட்டு இருந்துச்சு. எடுத்துக் கரையில குடுத்துடலாம்னு வந்தோம்" என்றார் பெரியவர்.

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இந்தக் கரையில் கடலில் மிதக்கும் கொடி என்றால் கீழே வலை கிடக்கிறது என்றுதான் பொருள். வலை விரித்தவர்கள் கழியில் தெர்மாகோல் கட்டி, உச்சியில் கறுப்போ சிவப்போ ஒரு துணியை முடிந்து விடுகிறார்கள். அப்படிப்பட்ட கொடி தனியாக நகர்ந்தால், பக்கத்து ஊர்க்காரன் வலையைக் காப்பாற்ற வருவதுதான் நல்ல மனிதர் செய்கிற வேலை. விலகிப் போகச் சொல்லி நாங்கள் கட்டிய கொடி, அவரை எங்கள் தலைக்கு மேலேயே கூட்டி வந்துவிட்டது. கொடியைப் பார்க்கிறவருக்கு அதன் பொருள் தெரிந்தால்தான் அது நம்மைக் காக்கும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. கொடியை எப்படிச் செய்வது, எப்படி இழுத்துப் போவது என்பதோடு, அதை யாரிடம் போய்ச் சொல்வது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயம். இது பயிற்சி முடித்து, சான்றிதழ் வாங்கி, ஜோடியாக இறங்குகிறவர்களுக்கானது. ஸ்கூபா கற்றுக்கொள்ள இது உதவாது. புதுச்சேரியில் பெரும்பாலான டைவ் படகிலிருந்துதான் நடக்கிறது. அங்கே படகே உங்களுக்குக் காவல். கரையிலிருந்து இறங்கும்போது அந்தக் காவல் இல்லை.

எந்தக் கொடி?

உலகத்தில் இரண்டு கொடிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, சிவப்புத் துணியில் கம்பத்தின் மேல் மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்வாக ஓடும் வெள்ளைப் பட்டை. 1956இல் அமெரிக்காவின் மிச்சிகனில் டென்சல் டாக்கரி என்பவர் உருவாக்கியது. அங்கே இதற்குச் சட்டமே இருக்கிறது. புளோரிடாவில் திறந்த கடலில் இந்தக் கொடியிலிருந்து 300 அடி தள்ளிப் போகப் படகோட்டி முயல வேண்டும். இன்னொன்று ஆல்ஃபா கொடி. கம்பத்தை ஒட்டி வெள்ளை, வெளிப்பக்கம் நீலம், ஓரம் மீன்வால் மாதிரி வெட்டியிருக்கும். சர்வதேச சமிக்ஞைக் குறியீட்டில் அதன் பொருள், என் ஆள் நீருக்கடியில் இருக்கிறார், வேகத்தைக் குறைத்து நன்றாக விலகிப் போங்கள் என்பது. கப்பல்காரர்களுக்கும் கடலோரக் காவல் படைக்கும் இது பாடம். டைவர்களை இறக்கிவிட்டு நிற்கும் படகில் ஏற்றுவதற்கான கொடி இது.

மிதவையில் எதைக் கட்டுவது? சிவப்பு வெள்ளையைத்தான் கட்டுங்கள். நீலமும் வெள்ளையும் தூரத்தில் கடலோடும் நுரையோடும் கலந்துவிடும். ஆனால் வெள்ளைப் பட்டையை அகலமாகத் தையுங்கள். பட்டை மெலிந்துபோனால் தூரத்துக்கு வெறும் சிவப்புத் துணியாகத்தான் தெரியும். வெறும் சிவப்பு இங்கே வலைக் கொடி, கட்சிக் கொடி, குளிக்காதே என்று கரையில் நடும் எச்சரிக்கைக் கொடி என்று எதுவாகவும் இருக்கலாம்.

எஸ்.எம்.பி. என்று சொல்கிற, காற்றடைத்து மிதக்கவிடும் ஆரஞ்சு நிறக் குழாய் கொடிக்கு மாற்றாகாது. அதிலும் டைவ் முடிவில் ஆழத்திலிருந்து ஊதி மேலே அனுப்புகிற டி.எஸ்.எம்.பி. வகையைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கொடியைத் தொலைத்துவிட்டால் அதுதான் கைகொடுக்கும்.

கொடிமரம் செய்வது

கடையில் கிடைக்கும் மிதவைக் கொடிகள் பெரும்பாலும் ஏரிக்கும் குளத்துக்கும் சரியானவை. நம் வங்கக் கடலில் அலைக்கு இடையே உள்ள பள்ளத்தில் அவை முழுதாக மறைந்துவிடும். படகின் பின்பக்கம் சுக்கான் பிடித்து நிற்பவருக்கு, தூக்கிய அணியத்துக்கு (படகின் முன்முனைக்கு) அப்பால் இருப்பது ஏற்கெனவே பாதிதான் தெரியும். அதனால் கொடி தண்ணீருக்கு மேல் ஒரு மீட்டராவது நிற்க வேண்டும்.

என்னுடையது இரண்டு மீட்டர் ஃபைபர் கழி. இரண்டு துண்டாகக் கழற்றி வண்டியில் எடுத்துப் போகலாம். மேலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் மிதவையைக் கோத்து, நகராமல் மேலும் கீழும் முடிச்சுப் போட்டேன். அடி நுனியில் ஒன்றரைக் கிலோ ஈயக் குண்டு. மிதவை, ஈயம், நைலான் கயிறு எல்லாம் வலைச் சாமான் விற்கும் கடைகளிலேயே கிடைக்கும். கொடி 50-க்கு 60 சென்டிமீட்டர், பாராசூட் துணி. மேல் விளிம்பில் துருப்பிடிக்காத கம்பி ஒன்றைச் செருகித் தைத்துவிடுங்கள். காற்று இல்லாத காலையில் துணி தொங்கிப்போனால் பட்டையே தெரியாது.

செய்து முடித்ததும் குளத்திலோ நீச்சல் தொட்டியிலோ போட்டுப் பாருங்கள். கழியைக் கையால் படுக்க வைத்து விடுங்கள். தஞ்சாவூர் பொம்மை மாதிரி தானாக நிமிர வேண்டும். நிமிரச் சோம்பினால் ஈயத்தைக் கூட்டுங்கள் அல்லது மிதவையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். கடல் காற்று அந்தத் துணியைத் தள்ளும் வேகம் குளத்தில் தெரியாது. அதனால் குளத்தில் சட்டென்று நிமிர்வதுதான் கடலில் நிற்கும்.

அந்தப் பெரியவர் சம்பவத்துக்குப் பிறகு நான் சேர்த்த ஒன்று: மிதவையின் நான்கு பக்கமும் கறுப்புப் பெயிண்டில் பெரிதாக 'அடியில் ஆள்' என்று எழுதினேன். இருபது முப்பது மீட்டர் கிட்டே வந்தால்தான் படிக்க முடியும். வலை என்று நினைத்து எடுக்க வருகிறவரை நிறுத்த அது போதும்.

கயிறும் ரீலும்

நான்கு மில்லிமீட்டர் பின்னல் நைலான், மஞ்சளோ ஆரஞ்சோ, இருபது மீட்டர். நம் கரையில் நீந்திப் போகிற தூரத்தில் இருக்கும் ஆழத்துக்கு அதுவே தாராளம். கை ரீலில் சுற்றி வையுங்கள். இறங்கும் ஆழத்தைவிடக் கால் பங்கு அதிகமாக விட்டால் போதும்; எட்டு மீட்டர் ஆழத்துக்குப் பத்து மீட்டர். அதற்கு மேல் தளர்வு இருந்தால் கயிறு உங்கள் டேங்க் வால்விலோ நண்பரின் ஃபின்ஸிலோ போய்ச் சுற்றும்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியைத்தான் மனப்பாடம் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்: கயிற்றை உடம்பில் எங்கும் கட்டாதீர்கள். பி.சி.டி. (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டை) வளையத்தில் கொக்கி மாட்டாதீர்கள், மணிக்கட்டில் சுருக்குப் போடாதீர்கள். எங்களுக்கு அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்தக் கயிறு என் பி.சி.டி.யில் மாட்டியிருந்து, படகின் ப்ரொப்பெல்லரிலும் சுற்றியிருந்தால், ஏழு மீட்டர் ஆழத்திலிருந்து சில நொடிகளில் மேலே இழுக்கப்பட்டிருப்பேன். மூச்சை அடக்கியபடி அப்படி மேலே போனால் நுரையீரலுக்குள் இருக்கும் காற்று விரிந்து அதைக் கிழிக்கும். மேலே போய்ச் சேரும் இடமும் ப்ரொப்பெல்லர்தான். ரீலைக் கையில் பிடியுங்கள். இழுத்தால் விடுங்கள். கொடி போனால் போகட்டும்.

எங்கே, எப்போது?

தமிழ்நாட்டுச் சட்டப்படி விசைப்படகுகள் கரையை ஒட்டிய கடலில் மீன் பிடிக்கக் கூடாது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் இருக்கிறது. 'தடைக்காலம்தானே, கடலில் படகே இருக்காது' என்று சிலர் நினைக்கிறார்கள். இது ஆபத்தான நினைப்பு. தடை விசைப்படகுகளுக்குத்தான். கரையோரம் ஓடும் ஃபைபர் படகுகள் அந்த மாதங்களிலும் தொழிலுக்குப் போகும். நீங்கள் இறங்கும் தண்ணீரில் ஓடுவது அவைதான்.

அந்தப் படகுகளில் பலவற்றில் டீசல் இன்ஜினிலிருந்து நீண்ட தண்டு ஒன்று பின்னால் போய், அதன் நுனியில் ப்ரொப்பெல்லர் சுழலும். மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு நான்கு மீட்டருக்கு மேல். கொடியை 60 மீட்டரில் பார்த்தால், அதன் பொருளைப் புரிந்துகொண்டு திருப்ப அவருக்குப் பதினான்கு நொடிதான் இருக்கிறது. அலை உடையும் இடத்தைத் தாண்டும்போது அதுவும் இல்லை. அங்கே வேகத்தைக் குறைத்தால் படகே கவிழும், அதனால் அவர் முழு வேகத்தில்தான் வருவார். ஆகவே படகு தள்ளும் இடம், ஏற்றும் இடம் இரண்டுக்கும் நல்ல தூரம் தள்ளியே இறங்குங்கள்.

முகத்துவாரங்கள் அறவே வேண்டாம். தேங்காய்த்திட்டு துறைமுக வாய், சுண்ணாம்பாறு கடலில் சேரும் இடம், கடலூர் முதுநகர் துறைமுக வாய், தாழங்குடா பக்கம் பெண்ணையாறு சேரும் இடம். எல்லாமே படகுப் பாதை, கலங்கல், இழுப்பு. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் கல் கொட்டிய கரையும் வேண்டாம். அலை உங்களைப் பாறையில் அறையும். தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் சேர்க்க நீருக்கடியில் போட்ட இரும்பு அமைப்பும் அங்கே இருக்கிறது. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மாலை நேரமும் ஞாயிறும் குளிக்கிற கூட்டத்துக்கு நடுவே டேங்க்கோடு இறங்க வேண்டாம். கரையில் நீண்ட வடம் கிடந்து, ஆட்கள் இழுத்துக்கொண்டிருந்தால் அது கரைவலை. அன்றைக்கு அந்தப் பக்கம் உங்களுக்கு இல்லை.

நேரம் பார்ப்பதில் ஒரு சிக்கல். கடல் அமைதியாக இருப்பது காலையில். அதே காலையில்தான் இரவு போன படகுகள் திரும்பும். மதியம் நெருங்கினால் கடல் காற்று ஏறி அலை கிளம்பும். பெரும்பாலான படகுகள் ஏறிய பிறகு, கடல் காற்று பிடிக்கும் முன் கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் எனக்குச் சரிப்பட்டு வருகிறது. அது எப்போது என்று ஒவ்வொரு ஊரிலும் அன்றன்றைக்குத்தான் கேட்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இறங்கவே வேண்டாம். மற்ற மாதங்களிலும் ஹைதராபாத்தில் இருக்கும் இன்கோய்ஸ் என்ற கடல் தகவல் மையம் வெளியிடும் அலை எச்சரிக்கையை முந்தைய இரவே பாருங்கள்.

ஊரில் சொல்வது

பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முதல் படி.

இறங்குவதற்கு முந்தைய நாள் மாலை அந்தக் கரைக்குப் போங்கள். வலை பிரித்துக்கொண்டோ கிழிசல் பார்த்துக்கொண்டோ ஆட்கள் இருப்பார்கள். கொடியைக் கையோடு கொண்டு போங்கள். "அண்ணே, நாளைக்குக் காலையில ஒம்பதரைக்கு மேல இங்க ரெண்டு பேரு உள்ள எறங்குறோம். இந்தக் கொடி மெதக்கும். கொடிக்குக் கீழ நாங்க இருப்போம். இந்தப் பக்கம் வலை எதுவும் விட்டிருக்கீங்களா?" அவ்வளவுதான். இந்தக் கேள்வியில் அவருக்குத் தகவல் போகிறது, உங்களுக்கும் தகவல் வருகிறது. எங்கே தங்கூசி வலை (மெல்லிய நைலான் நரம்பு வலை) கிடக்கிறது, எங்கே பழைய படகு மூழ்கிக் கிடக்கிறது, நாளைக்கு நீரோட்டம் எப்படி இருக்கும் என்று எந்தச் செயலியும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். இந்தக் கரையோரப் பேச்சில் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. 'தெண்டி கடுமையா இருக்கு' என்று ஒருவர் சொன்னால் அன்று பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

'வேண்டாம் தம்பி' என்று சொன்னால் வாதாடாதீர்கள். அது அவர்கள் தொழில் செய்யும் இடம். நாம் விருந்தாளி.

நான் பழைய கொடி ஒன்றை அந்தப் பெரியவரிடமே கொடுத்தேன். வலை வைக்கும் கொட்டகையில் மாட்டி வைத்திருக்கிறார். வருகிறவர்கள் என்ன கொடி என்று கேட்க, அவரே விளக்கம் சொல்கிறார். நான் சொல்வதைவிட அவர் சொல்வது நூறு மடங்கு எடுபடுகிறது.

கரையில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். நீந்தத் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை. கொடியை விட்டுக் கண் எடுக்காதவராக இருக்க வேண்டும். அவர் கையில் ஒரு அட்டை கொடுங்கள்: இறங்கிய நேரம், வெளியே வர வேண்டிய நேரம், எத்தனை பேர், கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093, கடலோரக் காவல் படை எண் 1554, ஆம்புலன்ஸ் 108. நேரம் தாண்டி எத்தனை நிமிடம் பார்த்துவிட்டு அழைக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் பாவம், அவர் தயங்கிக்கொண்டே நிற்பார். தலைக்கு மேல் இரண்டு கையையும் வட்டமாகச் சேர்த்தால் நலம், கையை ஆட்டினால் உதவி என்று சொல்லி வையுங்கள்.

அலையைத் தாண்டுவது

மிதவை எப்போதும் உங்களுக்கும் கரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். உள்ளே போகும்போது பின்னால் இழுத்துப் போங்கள். திரும்பும்போது முன்னால் தள்ளிக்கொண்டு வாருங்கள். மாற்றிச் செய்தால் ஒன்றரைக் கிலோ ஈயம் கட்டிய கழியை அலை உங்கள் முகத்தில் வீசும்.

அலை உடையும் இடத்தில் கயிறு இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் வேண்டாம். மூச்சு விடும் ரெகுலேட்டர் வாயில், முகமூடியில் ஒரு கை. அலை வரிசையை ஐந்து நிமிடமாவது நின்று பாருங்கள். பெரிய அலைகள் சில சேர்ந்து வரும், பிறகு ஓர் இடைவெளி வரும். அந்த இடைவெளியில் பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ நடந்து, மிதக்கும் ஆழம் வந்ததும் நீந்திவிடுங்கள். நடுவில் நின்று யோசிக்கக் கூடாது. தாண்டிய பிறகு கொடி நிமிர்ந்திருக்கிறதா, கயிறு சிக்கலில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்து, கரையில் இருப்பவருக்கு வட்டம் காட்டிவிட்டு இறங்குங்கள்.

அடியில்

ரீலை ஒருவர்தான் பிடிக்க வேண்டும். மற்றவர் அவருக்கு எதிர்ப்பக்கம், கயிறு இல்லாத பக்கமாக நீந்த வேண்டும். நீரோட்டத்தை எதிர்த்துத் தொடங்குங்கள்; களைத்த பிறகு அதுவே திருப்பிக் கொண்டுவரும். கொடியிலிருந்து 15 மீட்டருக்குள் இருங்கள் என்பது பொதுவான கணக்கு. நம் கலங்கல் நீரில் அதெல்லாம் அதிகம். கயிறு ஏறக்குறைய நேராக மேலே போக வேண்டும். சாய்ந்து போனால் காற்றோ நீரோட்டமோ கொடியைத் தள்ளுகிறது, அல்லது நீங்கள் அதை விட்டுத் தூரம் போய்விட்டீர்கள். கொடி ஓரிடத்திலும் நீங்கள் வேறிடத்திலும் இருந்தால், அதைப் பார்த்து ஒழுங்காக விலகுகிற படகு நேராக உங்கள் மேல் வரும்.

கயிறு வெட்டும் சிறு கத்தி எடுக்கும் கைக்குத் தோதாக இருக்கட்டும். தங்கூசி வலை நீரில் கண்ணுக்கே தெரியாது. சிக்கினால் உதறாமல் நின்று, நண்பரை அழைத்து விடுவியுங்கள். உயிர் போகும் நிலை என்றால் ஒழிய வலையை வெட்டாதீர்கள். வெட்ட நேர்ந்தால் கரையேறிய பிறகு வலைக்காரரிடம் போய்ச் சொல்லி அதற்கான பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

இன்ஜின் சத்தம் கேட்டால்

நீருக்குள் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் ஓடும். காற்றில் போவதைப் போல நான்கு மடங்குக்கு மேல். அதனால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது பிரித்துச் சொல்லாது. எங்கோ போகும் படகும் தலைக்கு மேல் இருப்பது போலவே கேட்கும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: மேலே போகாதீர்கள். தரையிலேயே நின்று, சத்தம் முழுதாக அடங்கும்வரை காத்திருங்கள். இதற்காகவே டேங்க்கில் 70 பார் காற்று இருக்கும்போதே திரும்பும் முடிவை எடுத்துவிடுகிறேன்.

மேலே வருவது கயிற்றை ஒட்டித்தான். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். ரீலைச் சுற்றிக்கொண்டே வாருங்கள். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு ஒரு கையைத் தலைக்கு மேல் நீட்டி, உடம்பை முழுச் சுற்று சுற்றிப் பார்த்துக்கொண்டே, கொடியின் பக்கத்தில் தலை வெளியே வரும்படி வாருங்கள்.

கொடியை விட்டுவிட்டால் டி.எஸ்.எம்.பி.யை எடுங்கள். மேலே தடை இல்லையா என்று பார்த்து, அதன் நூல் சுற்றிய ஸ்பூல் சிக்காமல் பிடித்து, குழாய்க்குள் காற்று விடுங்கள். பத்து மீட்டரில் பாதி நிரப்பினால் போதும். மேலே போகும்போது அழுத்தம் பாதியாகக் குறைந்து அது தானே நிரம்பிவிடும். நூல் எங்காவது மாட்டினால் ஸ்பூலையும் விட்டுவிடுங்கள். அதோடு சேர்ந்து மேலே போகாதீர்கள். ஊதிவிடும் இந்த வேலையை முதல்முறை கடலில் செய்யாமல் நீச்சல் குளத்தில் பத்து முறையாவது பழகுங்கள்.

ஏறிய பிறகு

கரை தொட்டதும் கொடியைச் சுருட்டிவிடுங்கள். ஆள் இல்லாமல் மிதக்கிற கொடியையோ, மணலில் நட்டுவைத்த கொடியையோ இரண்டு தடவை பார்த்துவிட்டால், மூன்றாவது தடவை படகுக்காரர் விலக மாட்டார். முந்தைய நாள் சொன்ன அண்ணனைத் தேடிப் போய் "ஏறிட்டோம்ணே" என்று சொல்லுங்கள். அவர் அதுவரை கடலைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்.

அப்புறம் ரீலை முழுதாகப் பிரித்து நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவிடுங்கள். உப்பு ஏறிய நைலான் விறைத்து, அடுத்த முறை ரீலில் ஓடாது. மிதவைப் பக்கத்து முதல் இரண்டு மீட்டர்தான் அதிகம் தேயும். விரலால் தடவிப் பார்த்து, பிசிறு தட்டினால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புது முடிச்சுப் போடுங்கள்.